மஞ்சு பேட்டரி மாற்றிய அந்த வண்டி

மஞ்சு சொன்ன கதையை நான் பல வருடங்களாக நம்பாமல் இருக்கிறேன். முழுக்க நம்பாமலும் இல்லை, அதுதான் சிக்கல். கார் எலக்ட்ரீஷியனுக்குச் சந்தேகம்தான் முதல் கருவி, டெஸ்ட் லைட்டும் மீட்டரும் அதற்குப் பிறகுதான் கைக்கு வரும். அந்தப் பழக்கத்தைக் கடையிலேயே பூட்டிவிட்டு வீட்டுக்குப் போகத் தெரிந்தவர்கள் நிம்மதியாகத் தூங்குகிறார்கள். எனக்கு அது வாய்க்கவில்லை.

நான் சாமல்பட்டிக்காரன். அப்பா அம்மா இருவருக்கும் கூலி வேலை. நான் ஓசூருக்கு வந்தது, சிப்காட்டில் ஒரு கம்பெனியில் வண்டிகளுக்கு ஒயர் கட்டும் லைனில் நிற்பதற்காக. லைனில் எனக்குப் பக்கத்தில் நின்றவன் மஞ்சு, முழுப் பேர் மஞ்சுநாத். ஆனேக்கல் பக்கத்துக் கன்னடக்காரன், என்னைவிடச் சில வயது இளையவன். கம்பெனி ஆட்களைக் குறைத்தபோது நாங்கள் இரண்டு பேரும் ஒரே நாளில் வெளியே வந்தோம். பாகலூர் ரோட்டில் ஒரு தகரக் கொட்டகையை வாடகைக்கு எடுத்து, கார்களுக்கு எலக்ட்ரிக்கல் வேலை செய்யும் கடை வைத்தோம். நல்லபடியாகத்தான் ஓடியது. பிறகு பேட்டரி விற்கிறவர்களே வீடு தேடி வந்து மாட்டிக் கொடுக்கத் தொடங்கினார்கள். ஒரு கடை இரண்டு வீட்டுக்குப் போதாமல் ஆனது.

என் மகளுக்குப் பர்கூரில் இன்ஜினியரிங் சீட் கிடைத்த வருடம் மஞ்சு கடையை விட்டுப் போனான். அவன் பேட்டரி மாற்றிக் கொடுத்த ஒரு வண்டி சூளகிரி தாண்டி நடுரோட்டில் நின்றுவிட்டது என்றும், தப்பு தன்னுடையது என்றும், அதனால் போகிறேன் என்றும் சொன்னான்.

அப்படி ஒரு வண்டி நிஜமாகவே நின்றதா? இல்லை, கடை எனக்கே இருக்கட்டும் என்று அவன் தன் வாயால் நிறுத்திய வண்டியா? நின்றது உண்மையென்றால், ஒரு கூட்டாளி தவறு செய்தான், ரோஷக்காரன், போய்விட்டான். பொய்யென்றால், என் மகள் படித்த படிப்புக்கும் அதற்குப் பிறகு என் வீட்டில் உலை கொதித்ததற்கும் நான் யாரைக் கும்பிடுவது என்பதே மாறிவிடும்.

செத்த பேட்டரியை எடுத்துவிட்டுப் புதுசு போட்டபின் ஒரு வண்டி எப்படியெல்லாம் படுத்தும் என்பதை நான் பார்த்தவரையில் ஒவ்வொன்றாக எடுத்து, அந்தக் கதையோடு உரசிப் பார்த்திருக்கிறேன். என்னைப் போல அடுத்தவர் பொருளைப் பிரித்து மாட்டிப் பிழைப்பவர்கள் கொஞ்ச நேரம் என்னோடு உட்கார்ந்து பாருங்கள்.

கடைசியாகத் தொட்டவன்

போன் ரிப்பேர் செய்பவருக்கும், குழாய் வேலை செய்பவருக்கும், பல் டாக்டருக்கும்கூட இது தெரிந்திருக்கும். கடைசியாகத் தொட்டவன் தலையில்தான் எல்லாம் விடியும். பேட்டரி மாற்றும் வேலை டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும். அதற்குப் பிறகு அந்த வண்டியில் எது கெட்டாலும், அது நாம் கெடுத்தது.

எங்கள் முதல் வாடிக்கையாளர்களில் ஒருவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். கைக்கு அடக்கமான பழைய கார். பேட்டரி மாற்றிய மறுநாள் வந்து கடிகாரம் தப்பாகக் காட்டுகிறது என்றார். கரண்ட் போய் வந்தால் கடிகாரம் முதலிலிருந்து தொடங்கும், திருத்திக் கொடுத்தோம். அதற்கடுத்து வைப்பர் மெதுவாக ஓடுகிறது என்று வந்தார். பிறகு டிக்கியில் ஏதோ வாசனை என்றார். எனக்குக் கோபம் வந்துவிடும். மஞ்சு வாக்குவாதமே செய்ய மாட்டான். பானெட்டைத் திறப்பான், பேட்டரியில் ஒயர் மாட்டும் டெர்மினலை ஒரு தடவை தொட்டுப் பார்ப்பான், மூடுவான், "இப்ப போய்ப் பாருங்க சார்" என்பான். வைப்பருக்கும் டிக்கிக்கும் டெர்மினலுக்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்டால், அவருக்குப் பேச்சுத் துணை இல்லை அண்ணா, வண்டிக்கு ஒன்றும் இல்லை என்பான்.

மஞ்சுவுக்கு ஆட்களின் பேர் நினைவில் நிற்காது. வண்டி நம்பர்தான் நிற்கும். தலைமையாசிரியர் தெருமுனையில் திரும்பும்போதே, "எழுவத்தி நாலு பன்னெண்டு வர்றாரு, ஸ்டூலைத் துடைங்கண்ணா" என்பான். கடைசித் தடவையாக வந்தபோது எழுபத்து நான்கு பன்னிரண்டு ஸ்டூலில் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார்: "பேட்டரி மாத்தின நாள்லருந்து பின் டயர்ல காத்து நிக்கமாட்டேங்குதுப்பா. நீங்க எதையோ தொட்டிருக்கீங்க."

பொட்டு

வேப்பனப்பள்ளி மாந்தோப்புக்காரர் ஒருவர் ஆயுத பூஜைக்கு முந்தின நாள் ஜீப்புக்குப் புது பேட்டரி போட்டுக்கொண்டு போனார். வீட்டில் தெலுங்கு, எங்களிடம் தமிழ், மஞ்சுவிடம் கன்னடம் பேசுகிற மனிதர். பூஜை முடிந்த மறுநாள் ஒரு டிராக்டரில் கயிறு கட்டி ஜீப்பை இழுத்து வந்து நிறுத்தினார். சாவியைத் திருப்பினால் கட கட என்று சத்தம் மட்டும்தான், செல்ஃப் அடிக்கவில்லை. புது பேட்டரி, மீட்டரில் வோல்ட் சரியாக இருக்கிறது. எனக்குப் பேட்டரி கடைக்காரன் மீதுதான் சந்தேகம் போனது.

எங்கள் கடையில் ஒரு சட்டம் உண்டு. டெர்மினலைக் கழற்றியவன்தான் அதைத் திரும்ப முடுக்க வேண்டும். முடுக்கிய பிறகு மற்றவன் வந்து கையால் ஆட்டிப் பார்க்க வேண்டும். ஆடினால் முடுக்கியவன் டீ வாங்கித் தரவேண்டும். இந்த ஜீப்பை நாங்கள் அப்படித்தான் அனுப்பியிருந்தோம். மஞ்சு இப்போது ஆட்டிப் பார்த்தான். ஆடியது. கழற்றினால், டெர்மினல் குமிழைச் சுற்றிக் கட்டியாகச் சந்தனம், அதன் மேல் குங்குமம். பூஜைக்காக அவரே கிளிப்பைக் கழற்றி, இரண்டு குமிழுக்கும் அழகாகப் பொட்டு வைத்து, அதன் மேலேயே கிளிப்பைத் திரும்ப அழுத்தியிருக்கிறார். ஈரமாக இருந்தவரை எப்படியோ வண்டி நகர்ந்திருக்கிறது. சந்தனம் காய்ந்ததும் நின்றுவிட்டது.

உப்புத்தாள் வைத்துத் தேய்க்கப் போனேன். அவர் என் கையைப் பிடித்துவிட்டார். வைத்த பொட்டை அழிப்பதா என்று முகம் வாடிவிட்டது. மஞ்சு ஈரத்துணியால் அதைப் பதமாகத் துடைத்தெடுத்து, கிளிப்பை மாட்டி முடுக்கிவிட்டு, பேட்டரியின் மேல்மூடியில் தன் விரலாலேயே புதுப் பொட்டு வைத்தான். இனி இங்கே வையுங்கள், வண்டி ஓடும் என்றான். அவர் பேட்டரியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பொட்டு நெத்தியிலதாங்க வைப்பாங்க. இதுக்கு நெத்தி இதுன்னு உங்களுக்கு யாரு சொன்னா?"

படிக்காத புத்தகம்

பொட்டு வைத்த வண்டி கிளம்பாத வண்டி. மஞ்சு சொன்ன வண்டியோ ஓடிக்கொண்டிருந்தபோது நின்றது. இரண்டும் வேறு வியாதி. அதனால் எங்களுக்கே தெரியாத கோளாறு ஏதாவது உண்டா என்று தேடலை வேறு பக்கம் திருப்பினேன்.

ஒரு கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்த அம்மா, திருநெல்வேலிப் பக்கம். அப்போது வந்திருந்த புதிய மாடல் வண்டி. பேட்டரி மாற்றிக் கொடுத்தோம். சாயங்காலமே திரும்பி வந்தார். ஒரு தட்டு தட்டினால் தானே மேலே ஏறுகிற கண்ணாடி இப்போது பாதியில் நிற்கிறது, சுவிட்சைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது என்றார். நாங்கள் பியூஸைப் பார்த்தோம். கதவின் உள்பக்கப் பலகையைக் கழற்றினோம். மோட்டாரைப் பார்த்தோம். எல்லாம் சரியாக இருந்தது. மோட்டார் போர்டு போயிருக்கும் என்று நான் ஒரு தீர்ப்பும் சொல்லிவிட்டேன்.

அந்த அம்மா டேஷ்போர்டைத் திறந்து, வண்டியோடு வந்த தடிப் புத்தகத்தை எடுத்து, பிளாஸ்டிக் உறையைப் பல்லால் கிழித்துப் படிக்கத் தொடங்கினார். பிறகு வண்டியில் ஏறி, கண்ணாடியை முழுக்க ஏற்றி, ஏறின பிறகும் சுவிட்சை விடாமல் கொஞ்ச நேரம் பிடித்தார். விட்டுத் தட்டினார். கண்ணாடி தானே ஏறியது. பேட்டரியைக் கழற்றினால் கண்ணாடி தன் எல்லையை மறந்துவிடுமாம். இப்படி ஒரு தடவை காட்டிக் கொடுக்க வேண்டுமாம். கழற்றிய கதவுப் பலகை என் மடியில் இருந்தது. அவர் புத்தகத்தை மஞ்சுவிடம் நீட்டினார்: "அண்ணாச்சி, பொஸ்தகம் வண்டிக்குள்ளயே கெடக்கு. ஒங்க ரெண்டு பேத்துக்கும் அதப் படிக்கத்தான் நேரமில்லையாக்கும்?"

காவேரி

ஓடும்போது நிற்கிற வண்டிக்கு நான் கண்ட நல்ல உதாரணம் கிருஷ்ணகிரி டாக்சிக்காரர் ஒருவருடையது. தினமும் சாயங்காலம் ஆட்களை ஏற்றிக்கொண்டு பெங்களூர் போவார். செத்த பேட்டரியை எடுத்துவிட்டுப் புதுசை அவரே மாட்டிக்கொண்டார். அதற்குப் பிறகு வண்டி சூளகிரி தாண்டும், ஓசூர் தாண்டும், ஜூஜுவாடி தாண்டும். எல்லையைத் தாண்டி அத்திப்பள்ளி வந்ததும் லைட் மங்கும், நிற்கும். பேட்டரியைக் கழற்றி ராத்திரி சார்ஜ் போட்டு மாட்டினால் மறுநாள் சாயங்காலம் அதே அத்திப்பள்ளி. ஸ்டாண்டில் உள்ளவர்கள் அங்கே ஏதாவது சாமிக்குப் பரிகாரம் செய்யச் சொன்னார்களாம். ஒரு தேங்காயும் உடைத்திருக்கிறார்.

எங்களிடம் வந்தபோது மஞ்சு முதலில் கேட்டது, புதுசை மாட்டும்போது தீப்பொறி வந்ததா என்று. ஒரு நொடி பிளஸ்ஸையும் மைனஸையும் மாற்றிப் பிடித்துவிட்டேன், லேசாகச் சிடுக்கென்றது, உடனே சரியாக மாட்டிவிட்டேன் என்றார். அந்த ஒரு சிடுக்கில் டைனமோவிலிருந்து பேட்டரிக்கு வருகிற பெரிய பியூஸ் போயிருந்தது. பேட்டரி தன்னிடம் உள்ளதைச் செலவழித்துக்கொண்டே ஓடியிருக்கிறது, வரவு இல்லை. கிருஷ்ணகிரியில் ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு கிளம்பினால் அந்தச் செலவு அத்திப்பள்ளி வரை தாங்கும். இப்படி நடந்தால் மீட்டர் போர்டில் சிவப்பாக ஒரு சார்ஜிங் லைட் எரியுமே, பார்க்கவில்லையா என்று கேட்டேன். பார்க்க வழியில்லை. அந்த இடத்தில் முனீஸ்வரன் ஸ்டிக்கரை ஒட்டி வைத்திருந்தார். முனீஸ்வரனும் இத்தனை நாள் முதுகில் சிவப்பு லைட்டோடு பொறுமையாகத்தான் இருந்திருக்கிறார்.

பியூஸைப் போட்டுச் சார்ஜ் ஏறுவதைக் காட்டினோம். அவர் என்னைப் பார்த்து, பிறகு மஞ்சுவைப் பார்த்து, தலையைச் சொறிந்துகொண்டே சொன்னார்: "தமிழ்நாடு பூரா ஓடுது, கர்நாடகாவுல கால வச்சா நிக்குது. நான் இது காவேரிப் பிரச்னைன்னுல்ல நெனச்சேன்."

மாமனார்

இந்தச் சம்பவத்தைத்தான் நான் அதிகம் நினைத்துப் பார்க்கிறேன்.

ஒரு இளைஞர், மனைவி வீட்டுக்குப் போய்விட்டு மாமனாரைக் கூட்டிக்கொண்டு வந்துகொண்டிருந்தார். எங்கள் கடைக்கு முன்னால் டீ குடிக்க நிறுத்தினார்கள். திரும்ப வண்டி கிளம்பவில்லை. பேட்டரி செத்திருந்தது. மாமனார் பின் சீட்டில் இருந்தார். மருமகனும் அவரும் வழி நெடுக எதற்கோ சண்டை போட்டிருப்பது முகத்திலேயே தெரிந்தது. மஞ்சு புது பேட்டரியை வைத்து மைனஸ் பக்கத்து எர்த் ஒயரைத் தொட்டதும், டக்கென்று நான்கு கதவும் பூட்டிக்கொண்டன. சில வண்டிகளுக்கு அந்தப் பழக்கம் உண்டு. சாவி உள்ளே. மருமகன் வெளியே.

உள்ளே இருப்பவர் கை நீட்டி ஒரு பிடியை இழுத்தால் போதும். மாமனார் இழுக்கவில்லை. மருமகன் கண்ணாடியைத் தட்டினார். அவர் எதிர்ப் பக்கம் திரும்பி மாம்பழ வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மருமகன் எங்கள் மீது பாய்ந்தார். நான் உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். மஞ்சு என் காலை மிதித்தான். சார், பேட்டரி மாற்றினால் வண்டியின் கம்ப்யூட்டர் தூங்கி எழுந்திருக்க கொஞ்ச நேரம் பிடிக்கும், அதுவரை யாராலும் கதவைத் திறக்க முடியாது, நீங்கள் கண்ணாடி பக்கத்தில் நின்று அப்பாவிடம் பேசிக்கொண்டிருங்கள், பயந்துவிடப் போகிறார் என்று அவன் சொன்னான். முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை. நானே ஒரு நிமிடம் அப்படியும் ஒரு கம்ப்யூட்டர் இருக்குமோ என்று யோசித்தேன்.

மருமகன் வேறு வழியில்லாமல் கண்ணாடியில் வாயை வைத்துப் பேசினார். முதலில் சத்தமாக, பிறகு மெதுவாக. சண்டை எதற்கென்று எங்களுக்குக் கடைசி வரை தெரியாது. நாங்கள் அந்தப் பக்கம் போய் ஒரு ஹாரனைப் பிரித்துக்கொண்டிருந்தோம். கொஞ்ச நேரத்தில் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. கம்ப்யூட்டர் எழுந்துவிட்டது சார் என்றான் மஞ்சு. பெரியவர் இறங்கி, வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு எங்களிடம் வந்து, மருமகனுக்குக் கேட்காதபடி சொன்னார்: "வீட்டுல நான் பேசுனா எந்திரிச்சுப் போயிடறாரு. இன்னிக்குத்தான் நின்னு கேட்டாரு."

சூளகிரி

இப்போது அவன் சொன்ன கதை.

நான் அன்று கிருஷ்ணகிரிக்குச் சாமான் வாங்கப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது மஞ்சு தன் ஸ்பானர்களை மட்டும் தனியாகப் பிரித்து ஒரு சாக்குப்பையில் போட்டுக்கொண்டிருந்தான். பொதுவில் வாங்கிய எதையும் தொடவில்லை. மீட்டரை என் பக்கம் தள்ளி வைத்திருந்தான். என்ன என்று கேட்டேன். சொன்னான். காலையில் ஒரு வெள்ளை வண்டி வந்ததாம். குடும்பத்தோடு சேலம் போகிறவர்களாம். பேட்டரி மாற்றினானாம். எர்த்தை மாட்டும்போது யாரோ கூப்பிட்டார்களாம், போய்விட்டு வந்து முடுக்க மறந்துவிட்டானாம். ஆட்டிப் பார்க்க நானும் இல்லை. சூளகிரி தாண்டி ஒரு வேகத்தடையில் எர்த் கழன்று, வண்டி அப்படியே நின்று, பின்னால் வந்த லாரி மயிரிழையில் ஒதுங்கிப் போனதாம். உள்ளே கைக்குழந்தையாம். அவர்கள் போன் செய்து திட்டினார்களாம்.

லாரிக்குப் பதில் சொல்ல யாரால் முடியும்? அவனுடைய முகமும் சரியாக இல்லை. அதற்குப் பிறகுதான், நாட்கள் போகப் போக, என் தொழில் புத்தி வேலை செய்யத் தொடங்கியது. ஓடுகிற வண்டியில் எர்த் கழன்றால் டைனமோ தாங்கும். பெரும்பாலும் உடனே நிற்காது. ஆனால் சில வண்டிகள் நிற்கும், நானே பார்த்திருக்கிறேன். மறக்கிறவன் இல்லை மஞ்சு. ஆனால் யாரும் ஒரு நாள் மறக்கலாம். எதிர்க் கடை டீ மாஸ்டரிடம் வேறெதற்கோ கேட்பதுபோல விசாரித்தேன். அன்று வெள்ளை வண்டி வந்ததா என்றால், வெள்ளை வண்டி வராத நாள் எது என்றார். எல்லாவற்றுக்கும் மேல் ஒன்று என்னை அரித்தது. நம்பர் இல்லாமல் ஒரு வண்டியைப் பற்றி மஞ்சு பேசி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். ஒரு வெள்ளை வண்டி என்றான். அவ்வளவுதான். லாரி விஷயம் கேட்ட பயத்தில் நம்பர் மறந்திருக்கும் என்றாள் என் மனைவி. இருக்கலாம். அவள் எதையும் கழற்றிப் பார்க்காமல் நம்புகிறவள்.

அன்று நான் வேண்டாம் என்றேன், இரு என்றேன், ஒரு தப்புக்காகக் கடையை விடுவதா என்றேன். அவன் சாக்குப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு சொன்னது இன்றைக்கும் அதே குரலில் கேட்கிறது: "பேஜார் பண்ணிக்காதீங்கண்ணா. கடைக்கு உங்க பேரு நல்லா இருக்கட்டும், பாப்பா படிக்கட்டும், நான் எங்க போனாலும் ஒயரு ஒயருதான்."

பாப்பா படிக்கட்டும். லாரி ஒதுங்கிய கதைக்குள் என் மகள் எதற்கு வந்தாள்?

சின்ன பேட்டரி

மகள் படித்து முடித்து, ஓசூரிலேயே ஒரு கம்பெனியில் வேலைக்குப் போய், இப்போது வண்டி வாங்கப் போகிறேன் என்கிறாள். பேட்டரி பார்த்து வாங்க மஞ்சு சித்தப்பாவைக் கூப்பிடலாமா அப்பா என்று கேட்டாள். அந்த ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி, மஞ்சு இப்போது தனியாகக் கடை வைத்திருக்கும் அத்திப்பள்ளிக்குப் போனேன். பண்டிகைக்குப் போனில் பேசிக்கொள்வோம், கல்யாணங்களில் பார்த்துக்கொள்வோம். அவன் கடைக்கு நான் போனதில்லை. போனால் கேட்டுவிடுவேன் என்ற பயம். கேட்டால் பதில் வந்துவிடும் என்ற பயம் அதைவிடப் பெரிது.

சின்னக் கடைதான். கூரை தகரம், எங்கள் பழைய கடை மாதிரியே. அவனுக்கு முன்தலை வழுக்கை விழுந்திருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து, ஸ்டூலைத் துடைத்துப் போட்டான். பேசத் தொடங்குவதற்குள் ஒருவர் ஓடி வந்தார். பெங்களூரில் ஐ.டி. வேலை, மின்சார கார், கடைக்கு எதிரே நிறுத்திய இடத்தில் அப்படியே உறைந்து நிற்கிறது, திரை இருட்டு, கதவும் திறக்கவில்லை. அதற்கு முந்தின நாள்தான் முழுக்கச் சார்ஜ் போட்டாராம். மஞ்சு என்னைப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன். அந்த வண்டிகளில் அடியில் கட்டில் அளவுக்குப் பெரிய பேட்டரி இருக்கும். ஆனால் எல்லாவற்றையும் எழுப்பி விடுவது முன்னால் இருக்கிற சாதாரணச் சின்ன பேட்டரி. அது செத்தால் பெரியதில் எவ்வளவு இருந்தும் பிரயோஜனமில்லை.

மாற்றினோம். கழற்றியது அவன், முடுக்கியது அவன். நான் போய் ஆட்டிப் பார்த்தேன். அவன் சிரித்தான். ஆடவில்லை. திரை எரிந்தது, கடிகாரம் முதலிலிருந்து தொடங்கியது. வண்டிக்காரர் நம்ப முடியாமல் நின்றார்: "கீழ அவ்ளோ பெரிசு இருக்கு, அது சும்மா படுத்துருக்கு. இந்தக் குட்டிக்கு எதுக்கு சார் இவ்ளோ திமிரு?"

அவர் போனபிறகு டீ வந்தது. மகளின் வண்டியைப் பற்றிப் பேசினோம். எந்தக் கலர் என்று கேட்டான், வெள்ளை என்றேன். வெள்ளையில் தூசி தெரியும் என்றான், அவன் முகத்தில் வேறெதுவும் தெரியவில்லை. கிளாஸைக் கழுவி வைக்கப் போனான். வழியெல்லாம் நான் மனதுக்குள் வாக்கியங்களை அடுக்கி வைத்திருந்தேன். நீ பொய் சொன்னாயா என்று கேட்க எனக்கு என்ன உரிமை? சொன்னது பொய்யென்றால், அதைக் காப்பாற்றி வைத்துக்கொள்ளும் உரிமை அவனுக்கு இல்லையா?

எந்த வண்டி வந்தாலும் என்ன கோளாறு என்று முகத்துக்கு நேரே கேட்டுப் பிழைத்தவன், ஒரு மனுஷனிடம் கேட்பதற்கு மட்டும் இத்தனை வருடம் சுற்றி வந்து, கடைசியில் கேட்டதும் வண்டியைப் பற்றித்தான்: "மஞ்சு, அந்த சூளகிரி வண்டிக்கு நீ போட்ட பேட்டரி இந்நேரம் எப்பவோ செத்திருக்கும், அடுத்ததை மாத்த அவங்க யார்கிட்ட வந்தாங்க?"